ஞாயிறு மாலைப் பொது ஒத்திகை: கே.கே. நகர் மாடி அறையைப் பற்றி

சென்னை கே.கே. நகரில் ஒரு குடியிருப்புத் தெருவில், இரண்டாம் மாடியில் இயங்கிவரும் இசை ஒத்திகை அறையைப் பற்றிய மதிப்புரை இது. அக்கம்பக்கத்து வீட்டாரின் பொறுமையை நம்பியே தொழில் நடப்பதால், பெயரையும் முகவரியையும் இணையத்தில் எழுத வேண்டாம் என்று அதன் உரிமையாளர் வருகிறவர்கள் எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறார். வாசலில் பெயர்ப்பலகைகூட வைக்கவில்லை. ஆகவே இங்கும் பெயர் இல்லை. வடபழனி, அசோக் நகர்ப் பக்கத்து வாத்தியக் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து வாசிக்கிற இடம் எது என்று கேட்டால் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிடுவார்கள்.

மற்ற நாள்களில் இது சென்னையின் பிற ஒத்திகை அறைகளைப் போன்றதுதான். பெரிய அறைக்கு மணிக்கு 500 ரூபாய், சின்ன அறைக்கு 300 ரூபாய். ஏற்கெனவே குழுவாக இருப்பவர்கள் முன்பதிவு செய்து, வந்து, வாசித்துவிட்டுப் போகிறார்கள். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஞாயிறு மாலை 4 மணி முதல் 7 மணி வரை நடக்கும் பொது ஒத்திகைதான் இந்த இடத்தின் தனிச்சிறப்பு. வாத்தியமோ பாட்டோ ஓரளவு தெரிந்து, உடன் வாசிக்க ஆள் இல்லாத யார் வேண்டுமானாலும் தலைக்கு 200 ரூபாய் கட்டி வரலாம். வந்தவர்களை நான்கைந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் ஒன்றிரண்டு பாட்டுகள் வாசிக்க வைப்பதை உரிமையாளரே முன்னின்று செய்கிறார். முன்பு மெல்லிசைக் குழுக்களில் ரிதம் பேட் என்ற மின்னணுத் தாள வாத்தியம் வாசித்தவர் அவர். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே அழைக்கிறார்கள். புல்லாங்குழலுடன் நெடுநாளாக அங்கே போய்வருகிறவன் என்ற முறையில், புதிதாகச் சேர்ந்து வாசிக்க விரும்புகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

இசைக்குப் பஞ்சமே இல்லாத ஊரில் இப்படி ஒன்று எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கலாம். பள்ளி வயதில் கற்று, பிறகு வேலை, குடும்பம் என்று விட்டுவிட்டு, நாற்பது வயதுக்கு மேல் வாத்தியப் பெட்டியை மறுபடி திறப்பவருக்கு இந்த ஊரில் உட்கார இடம் குறைவு என்பதே உண்மை. சபா மேடை கேட்கும் பயிற்சி வேறு. மெல்லிசைக் குழு என்பது பலருக்குப் பிழைப்பு; கற்றுக்குட்டிக்கு அங்கே வேலை இல்லை, இருக்கவும் கூடாது. 1893-இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் சேர்ந்திசையில் ஆர்வமுள்ளவர்களைக் கொண்டு இன்றும் இயங்குகிறது. ஆனால் அது மேற்கத்திய முறையில் பாடுகிறவர்களுக்கு உரியது. மயிலாப்பூர் மாட வீதிகளில் மார்கழி விடியற்காலையில் நடக்கும் பஜனை, பாபநாசம் சிவன் முன்னின்று நடத்திய மரபு, யாரையும் தள்ளி நிற்கச் சொல்லாது. என்றாலும் தை பிறந்துவிட்டால் அடுத்த மார்கழி வரை காத்திருக்க வேண்டும். தேவாலயப் பாடகர் குழுக்களில் கிடாரும் கீபோர்டும் வாசித்து வளர்ந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பிறரோடு சேர்ந்து வாசிக்கும் பழக்கம் அவர்களுக்குச் சிறு வயதிலேயே வந்துவிடுகிறது. இந்த அறைக்கு வருகிறவர்களில் தாளம் குலையாமல் நிற்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

இணையவழியே சேர்ந்து வாசிக்கலாமே என்று 2020-இன் ஊரடங்குக் காலத்தில் பலரும் முயன்று பார்த்தார்கள். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. ஆகவே 10 மீட்டர் தள்ளி நிற்பவர் தட்டுவது நம் காதை எட்ட ஏறக்குறைய 30 மில்லி நொடி ஆகும். தாமதம் அதைத் தாண்டினால் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து தாளம் இழுபடத் தொடங்கிவிடுகிறது. சாதாரண வீடியோ அழைப்பில் ஏற்படும் தாமதம் அதைப் போலப் பல மடங்கு. எனவே ஓர் அறையும், அதில் நாலு பேரும், பக்கத்து வீட்டார் சண்டைக்கு வராத ஏற்பாடும் வேண்டித்தான் இருக்கின்றன.

பொது ஒத்திகைக்கு வர விரும்புகிறவர் வியாழக்கிழமைக்குள் வாட்ஸ்அப்பில் சில விவரங்களை அனுப்ப வேண்டும்: என்ன வாத்தியம், எந்தக் கட்டை (அதாவது எந்தச் சுருதி), நன்றாகத் தெரிந்த மூன்று பாட்டுகள், எக்காரணம் கொண்டும் வாசிக்க விரும்பாத பாட்டு ஒன்று. கடைசிக் கேள்வி விளையாட்டாகத் தோன்றும்; ஆனால் குறிப்பிட்ட சில பாட்டுகளையே எல்லோரும் எழுதி அனுப்பி, வாராவாரம் அவற்றையே கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பழைய உறுப்பினர்களைக் காப்பாற்ற ஏற்பட்ட விதி அது. சனிக்கிழமை இரவுக்குள் யார் யாருடன், எந்தப் பாட்டு, எந்தக் கட்டையில் என்ற பட்டியல் வந்துவிடும். ஒரு நாள் அவகாசத்தில் பாட்டை நாலு முறை கேட்டு, பல்லவிக்கும் சரணத்துக்கும் உரிய கார்டுகளையோ (ஒருசேர ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) ஸ்வரங்களையோ எழுதிக்கொண்டு வருவது எதிர்பார்க்கப்படுகிறது. வெறுங்கையோடு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களை மாஸ்டர் திட்டுவதில்லை. கடைசிச் சுற்றுக்குத் தள்ளிவிடுகிறார்.

கேட்கும் விவரங்களில் கட்டைக்குத்தான் அவர் அதிக மதிப்புக் கொடுக்கிறார். அது சரிதான் என்று அனுபவத்தில் தெரிகிறது. வீட்டில் தனியாக வாசிக்கிறவருக்குக் கட்டை ஒரு பொருட்டே அல்ல. தம்பூராச் செயலியைத் தன் வாத்தியத்துக்கு ஏற்ப வைத்துக்கொண்டால் தீர்ந்தது. பிறரோடு உட்காரும்போதுதான் ஒவ்வொரு வாத்தியமும் எவ்வளவு வளைந்துகொடுக்கும் என்ற கணக்கு வருகிறது. கீபோர்டுக்காரர் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தினால் போதும். கிடார்க்காரர் தந்திகளை அழுத்திச் சுருதியை உயர்த்தும் கேப்போ என்ற கவ்வியை மாட்டிக்கொள்வார். வயலினின் தந்திகளை ஓரளவு ஏற்றி இறக்கலாம். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையை ஓர் எல்லைக்கு மேல் ஏற்ற முடியாது என்பதால், தாழ்ந்த கட்டைக்கு ஒன்றும் உயர்ந்த கட்டைக்கு ஒன்றுமாக இரண்டு வைத்திருப்பவர்கள் உண்டு. மூங்கில் குழலுக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. துளை போட்ட அன்றே அதன் கட்டை முடிவாகிவிடுகிறது.

ஒரு ஞாயிறன்று அரசு அலுவலகம் ஒன்றில் பணிபுரியும் பெண்மணி ஒருவர் 5½ கட்டையில் பாட வந்திருந்தார். கிடார் வாசித்த கல்லூரி மாணவர் முதல் ஃப்ரெட்டில் கேப்போவை மாட்டிக்கொண்டு, 5 கட்டைக்கு உரிய அதே ஜி கார்டு விரல்களைப் பிடித்தார். கீபோர்டின் சிறு திரையில் எண் ஒன்று கூடியது. இரண்டு பேரும் அரை நிமிடத்தில் தயார். என்னிடம் இருந்ததோ 5 கட்டைக் குழல். அரைக் கட்டை வித்தியாசத்தில் அதைக்கொண்டு அந்தப் பாட்டை வாசிப்பது நடக்கிற காரியம் அல்ல. ஒதுங்கிக்கொள்ளலாம் என்று குழலை உறையில் போடப் போன என்னை மாஸ்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அரைக் கட்டை இறக்கிப் பாடிப் பாருங்க மேடம். சரணம் மேல போற எடத்துல உங்களுக்கே சுகமா இருக்கும்."

"பல்லவி ரொம்பக் கீழ போயிடுமோன்னு பயமா இருக்கு சார்."

"ரெண்டுலயும் ஒரு தடவ பாடுங்க. எது நல்லா இருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

பாடினார். 5 கட்டையில் பல்லவியின் கீழ்ப் பஞ்சமம் வெறும் காற்றாகப் போனது உண்மை. ஆனால் முன்பு இறுக்கிப் பிடித்துப் பாடிய சரணம் இப்போது தாராளமாக நின்றது. 5 கட்டையிலேயே போகலாம் என்று அவரே சொன்னார். கேப்போ கழன்றது, கீபோர்டின் எண் பூஜ்யத்துக்கு வந்தது, குழல் மறுபடி உறையை விட்டு வெளியே வந்தது. முடிவு எட்டப்பட ஐந்து நிமிடம்கூட ஆகியிராது. தொழில்முறைப் பாடகரிடம் இந்தச் சமரசத்தை யாரும் கேட்க மாட்டார்கள். அவருடைய குரலுக்கு ஏற்பத்தான் மற்றவர்கள் நடந்துகொள்ள வேண்டும். கற்றுக்குட்டிகள் கூடும் இடத்தில் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் ஒருவரும் வெளியே உட்கார வேண்டியதில்லை என்பதை வாயால் சொல்லாமல் செய்துகாட்டுவது மாஸ்டரின் பாணி. இன்னொரு வாரம் ஆண் பாடகர் ஒருவர் 1 கட்டையில் பாடியபோது, அதே 5 கட்டைக் குழலின் மத்திமத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டு நான் வாசித்தேன். 5 கட்டையின் சுத்த மத்திமம் 1 கட்டையின் ஷட்ஜமமே என்பது கர்நாடக இசை கற்ற எவருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்தக் கணக்கை முதன்முறையாகப் பயன்படுத்தியது அந்த மாடி அறையில்தான்.

பொது ஒத்திகை நடப்பது சின்ன அறையில். பத்துக்குப் பன்னிரண்டு அடி இருக்கலாம். அதில் டிரம் செட்டுக்கு அனுமதி இல்லை. தாளத்துக்கு மிருதங்கம், தபலா அல்லது கஹோன். பெரு நாட்டில் பிறந்த இந்த மரப்பெட்டியின் மேலேயே உட்கார்ந்து முன்பலகையைத் தட்டுவார்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருக்கிறவர்கள் அதை விரும்பி வாங்குவதாகத் தெரிகிறது. அறையில் ஒரு விதி உண்டு. அடுத்தவரின் வாத்தியம் தன் காதில் விழவில்லை என்றால், அவரைக் கூட்டச் சொல்லக் கூடாது. தன்னுடையதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு விதியால்தான் இந்த இடத்தை நான் மற்ற ஒத்திகை அறைகளுக்கு மேலே வைக்கிறேன். பொதுவாக ஒத்திகைகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. கிடார் கேட்கவில்லை என்று கீபோர்டு ஏறும், கீபோர்டு ஏறியதால் தாளம் ஏறும், பாடகர் கத்தத் தொடங்குவார், அரை மணி நேரத்தில் ஒருவர் வாசிப்பது இன்னொருவருக்குக் கேட்காத நிலை வந்துவிடும்.

விதி எப்படி வேலை செய்கிறது என்பதை வீணை வந்த வாரத்தில் பார்த்தேன். எழுபதை நெருங்கும் அம்மா ஒருவர், பேரன் துணையோடு வீணையை மேலே ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். வீணையின் நாதம் ஒரு மீட்டுக்குப் பிறகு மெல்லக் கரைவது; எலெக்ட்ரிக் கிடாரின் பக்கத்தில் அது எடுபடாது. மைக்கை நெருக்கி வைத்தார்கள், ஊளை வந்தது. மாஸ்டர் வீணையின் ஒலியைக் கூட்ட முயலவில்லை. கிடாரின் ஆம்ப்ளிஃபையரைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார், கஹோன் வாசித்தவரை விரல் நுனியால் மட்டும் தட்டச் சொன்னார், மைக்கை அணைத்தேவிட்டார். அதன்பின் நாங்கள் மோகனத்தில் வாசித்த பத்து நிமிடமும் வீணையின் கமகங்கள், அதாவது ஸ்வரங்களின் அசைவுகள், அறையில் எல்லோருக்கும் கேட்டன. கிடார் வாசித்த இளைஞர் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் அந்த அம்மாவிடம் போய், காந்தாரத்தை எப்படி அப்படி இழுக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வருகிறவர்களில் பெரும்பகுதி பாடகர்கள். இது எந்தக் கற்றுக்குட்டிக் கூட்டத்திலும் இருப்பதுதான். இங்கே அவர்களில் பலர் கரோக்கேயிலும் ஸ்மூல் செயலியிலும் பாடிப் பழகியவர்கள். குரல் நன்றாக இருக்கும், உச்சரிப்பு நன்றாக இருக்கும், ஆனால் ட்ராக் இல்லாமல் பாடச் சொன்னால் தடுமாறுவார்கள். கரோக்கே யாருக்காகவும் நிற்பதில்லை, யாரையும் காத்திருக்க வைப்பதும் இல்லை. திரையில் எழுத்தின் நிறம் மாறும்போது பாடத் தொடங்கினால் போதும். மனிதர்கள் வாசிக்கும்போது திரை கிடையாது. பாட்டின் நடுவே வாத்தியம் மட்டும் ஒலிக்கும் இன்டர்லூடில் எத்தனை ஆவர்த்தனம் (தாளத்தின் முழுச் சுற்று) என்று மனத்துக்குள் ஓட்ட வேண்டும், வாசிப்பவர் ஓர் ஆவர்த்தனம் கூடுதலாகப் போய்விட்டால் அதையும் தாங்கிக்கொண்டு சரியான இடத்தில் எடுக்க வேண்டும். இதற்கு மாஸ்டர் சொல்லும் வழி எளிது. இன்டர்லூடின்போது பாடகர் சும்மா நிற்கக் கூடாது, கையில் தாளம் போட வேண்டும். மேலும், பதிவில் வயலின் கூட்டமே சேர்ந்து வாசித்திருக்கும் பி.ஜி.எம்-ஐ அப்படியே கொண்டுவர யாரும் முயலக் கூடாது. அதை நான்கு ஆவர்த்தனமாகச் சுருக்கி, இருக்கிற வாத்தியத்தில் முக்கியமான ஒரு வரியை மட்டும் வாசித்தால் போதும். அசலைப் போலவே இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். எனக்கு இது பெரிய விடுதலையாக இருந்தது.

கற்ற முறைகள் வேறுபடுவதால் எழும் சிக்கலையும் சொல்ல வேண்டும். அண்ணா சாலையில் 1842-இலிருந்து வரலாறு கொண்ட மியூசி மியூசிக்கல் கடையை அறியாத இசை மாணவர் சென்னையில் இருக்க முடியாது. அங்கே நடக்கும், லண்டன் டிரினிட்டி கல்லூரியின் மேற்கத்திய இசைத் தேர்வுகளை எழுதி மேல் கிரேடுகளை முடித்தவர்கள், நோட்டேஷன் தாள் முன்னால் இருந்தால் எதையும் வாசிப்பார்கள். என்னைப் போலக் கர்நாடக முறையில் கற்றவர்களுக்கு ஸ்வரமாகப் பாடிக்காட்டினால்தான் பிடிபடும். யூடியூபைப் பார்த்துத் தானாகக் கற்ற கிடார்க்காரருக்கு இரண்டும் வேண்டாம், விரலைக் காட்டினால் போதும். இந்த மூவரையும் ஒரே பாட்டில் கோக்க மாஸ்டர் பயன்படுத்தும் பாலம் ஐந்து ஸ்வர ராகங்கள். மோகனமும் மேற்கத்தியர் மேஜர் பென்டடானிக் என்று சொல்வதும் அதே ஐந்து ஸ்வரங்களைக் கொண்டவை; சுத்த தன்யாசியின் ஸ்வரங்களும் ராக் கிடார்க்காரர் எல்லோரும் முதலில் பழகும் மைனர் பென்டடானிக்கும் ஒன்றே. எனவே ஒவ்வொரு ஞாயிறும் முதல் இருபது நிமிடம் பாட்டு எதுவும் கிடையாது. ஆதி தாளம், ஒரு ராகம், ஆளுக்கு இரண்டு ஆவர்த்தனம் என்று சுற்றி வருவார்கள். கிடாரில் கேட்கும் சுத்த தன்யாசியில் காந்தாரமும் நிஷாதமும் அசையாமல் நிற்கும். கர்நாடகக் காதுக்கு அது மொட்டையாகத் தோன்றுவது இயல்பு. அதைச் சுட்டிக்காட்டி ராகம் கெட்டுவிட்டது என்று சண்டைக்குப் போன வயலின்காரர் ஒருவர் அதன்பின் வரவில்லை. அவருடைய கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ராகத்தின் முழு இலக்கணத்தையும் எதிர்பார்த்து வர வேண்டிய இடம் இது அல்ல.

காலப்பிரமாணத்தில் மட்டும் மாஸ்டர் விட்டுக்கொடுப்பதில்லை. அவர் எல்லாவற்றையும் கைப்பேசியில் பதிவு செய்கிறார். பாட்டு முடிந்ததும் முதல் வரியையும் கடைசி வரியையும் அடுத்தடுத்து ஒலிக்க விடுகிறார். தொடங்கிய வேகமும் முடிந்த வேகமும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பது அந்த அரை நிமிடத்தில் விளங்கிவிடும். ஏறக்குறைய எல்லாக் குழுவும் ஓடத்தான் செய்கின்றன, அதுவும் சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் மறுபடி வாசிக்கச் சொல்வார்.

இனிக் குறைகள். பெரிய அறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆள் அதிகமாகச் சேரும் வாரங்களில் பொது ஒத்திகையின் ஒரு பகுதி அங்கே மாற்றப்படுகிறது. அப்போதெல்லாம் தரம் பாதியாகக் குறைகிறது. சுவர் முழுக்க மெல்லிய ஃபோம் ஒட்டியிருக்கிறார்கள். அது மேல் ஸ்தாயி ஒலிகளை உறிஞ்சிக்கொள்ளும், தாழ்ந்த ஒலிகளை ஒன்றும் செய்யாது, வெளியே ஒலி கசிவதையும் தடுக்காது. விளைவாகக் குழலும் வயலினும் உயிரில்லாமல் மங்கிக் கேட்க, டிரம் செட்டின் கிக்கும் பேஸ் கிடாரும் மூலைகளில் தேங்கி இரைகின்றன. குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் வேறு. பாடுவதற்கு 1966 முதல் விற்பனையில் இருக்கும் ஷுர் எஸ்.எம்.58 மைக்குகள்தான் வைத்திருக்கிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்த மைக் முன்புறத்து ஒலியை வாங்கிப் பின்புறத்து ஒலியைத் தள்ளுவது. ஆகவே ஸ்பீக்கர் மைக்கின் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். இங்கேயோ ஸ்பீக்கர்கள் இரண்டும் பாடகருக்குப் பின்னால், மைக்கின் வாயை நேராகப் பார்த்தபடி சுவரில் மாட்டப்பட்டிருக்கின்றன. கொஞ்சம் ஒலி கூட்டினாலும் ஊளையிடுகிறது. எதிர்ச் சுவருக்கு மாற்றச் சொல்லிப் பலரும் கேட்டாயிற்று. ஒயர் இழுக்க வேண்டும், எலெக்ட்ரீஷியன் வரவில்லை என்ற பதில்தான் கிடைக்கிறது.

பழைய ஆள்களுக்குச் சலுகை உண்டு என்ற முணுமுணுப்பும் கேட்கிறது. அதில் உண்மை இருக்கிறது. தொடக்கத்திலிருந்து வரும் நாலைந்து பேர் பட்டியலில் எப்போதும் நல்ல தாளக்காரரோடுதான் சேர்க்கப்படுகிறார்கள். புதிதாக வரும் பாடகருக்கு மூன்று மணி நேரத்தில் ஒரே ஒரு பாட்டுதான் கிடைக்கும். மீதி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து கேட்க வேண்டியதுதான். 200 ரூபாய்க்கு ஒரு பாட்டு என்று கணக்குப் போட்டால், கரோக்கே அரங்குக்குப் போவதே லாபம். தாள வாத்தியக்காரர்களுக்கு நிலைமை நேர்மாறு. எழுந்து தேநீர் குடிக்கப் போகக்கூட விட மாட்டார்கள்.

வசதிகளைப் பொறுத்தவரை, மின்தூக்கி இல்லை. இரண்டு மாடி ஏற வேண்டும். இருசக்கர வாகனங்களுக்கு வாசலில் இடம் உண்டு, காருக்குக் கிடையாது. கழிவறை சுத்தமாக இருக்கிறது; பெண்களுக்குத் தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள். மாஸ்டரின் மனைவி கீழ் வீட்டிலேயே இருக்கிறார், ஒத்திகையின்போது ஒருமுறையாவது மேலே வந்துபோகிறார். தனியாக வரும் பெண்கள் அது பெரிய தைரியம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். நேரத்தில் மிகவும் கண்டிப்பு. 7 மணி என்றால் 7 மணிதான், சரணத்தின் நடுவில் இருந்தாலும் சரி. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வகுத்த வரம்பு. சட்டப்படி இன்னும் சில மணி நேரம் ஓட்டலாம் என்றாலும், எதிர்வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருக்கும்போது சட்டத்தைப் பேசிப் பயன் இல்லை என்பது மாஸ்டரின் வாதம். பொதுத் தேர்வுக் காலத்தில் பொது ஒத்திகை முழுவதுமாக நிறுத்தப்படுகிறது. பிப்ரவரியிலேயே கேட்டுக்கொண்டு போவது நல்லது.

யாருக்கு இந்த இடம் ஒத்துவரும் என்று கேட்டால், ஒரு ராகத்தில் ஆரோகண அவரோகணமும் ஆதி தாளமும் தடங்கலில்லாமல் வருகிறவர், அல்லது ஆறேழு கார்டுகளை மாற்றி மாற்றிப் பிடிக்கத் தெரிந்தவர் யோசிக்காமல் போகலாம் என்பேன். இன்னும் வாத்தியத்தைப் பிடிக்கவே பழகிக்கொண்டிருப்பவர் சில மாதங்கள் பொறுப்பது நல்லது. அங்கே கற்றுத்தருவதில்லை, அதற்கு நேரமும் இல்லை. மேடை ஏற வேண்டும் என்ற அவசரத்தில் இருப்பவருக்கும் இது சலிப்பைத் தரும். ஏற்கெனவே நாலு பேர் சேர்ந்துவிட்டவர்கள் பொது ஒத்திகைக்கு வருவதைவிட, வார நாளில் சின்ன அறையை 300 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதே சிக்கனம். ஞாயிறன்று இங்கே அறிமுகமாகிப் பிறகு அப்படிப் போனவர்கள் இருக்கிறார்கள், மாஸ்டர் அதைத் தன் வியாபாரத்துக்கு நல்லது என்றே எடுத்துக்கொள்கிறார்.

பணத்தை யுபிஐ வழியாகவோ ரொக்கமாகவோ அன்றன்றே கட்டலாம்; முன்பணம் கேட்பதில்லை. பட்டியலில் பெயர் வந்தபின் சொல்லாமல் வராமல் போனால் அடுத்த இரண்டு வாரங்களுக்குச் சேர்க்க மாட்டார்கள். வாத்தியம் இல்லாதவர்களுக்கு ஒரு கீபோர்டும் ஒரு கஹோனும் அங்கேயே உண்டு. குழல், தந்தி, பிக் போன்றவற்றை அவரவர் கொண்டுவர வேண்டும். பேஸ் கிடார் வாசிக்கிறவர் அகப்படுவதே இல்லை என்பதால், இந்த மாதத்திலிருந்து அவர்களுக்கு மட்டும் கட்டணம் கிடையாது என்று அறிவித்திருக்கிறார்கள்.